என்னிடம் போய்க் கருத்து கேட்டார்கள்

தண்ணீர் விஷயத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று எங்கள் குடியிருப்பில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் நான்தான். சென்னையின் தெற்குப் புறநகர். போர் தண்ணீர் உப்பு. பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளைப் படலம், ஷவரில் பாதித் துளைகள் அடைப்பு. இப்படிப்பட்ட இடத்தில் பேனா அளவில் ஒரு டிடிஎஸ் மீட்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு திரிகிறவனுக்கு மரியாதை தானாக வந்துவிடும்.

அந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, கரைந்திருக்கும் உப்பைக் குத்துமதிப்பாகச் சொல்லும். அவ்வளவுதான். கிருமியோ பூச்சிமருந்தோ அதன் கண்ணில் படாது. இது தெரியாமல் கேன் தண்ணீர், லாரித் தண்ணீர், இளநீர் என்று கண்டதிலும் முக்கித் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வீட்டு ரசத்திலும் முக்கினேன். ரசம் தேறவில்லை. அதைச் சொன்னது தப்பு.

2019 நவம்பரில் மத்திய அமைச்சர் ராம்விலாஸ் பாஸ்வான், 21 நகரங்களின் குழாய்த் தண்ணீர்ப் பரிசோதனை முடிவுகளை வெளியிட்டார். மும்பை மட்டும் முழுசாகத் தேறியது. சென்னையில் எடுத்த 10 மாதிரிகளும் ஃபெயில். “நான் அப்பவே சொன்னேனே” என்று மாடி மாடியாகச் சொல்லிக்கொண்டு போனேன். அப்போது பாட்டில் தண்ணீருக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். குழாய்த் தண்ணீருக்கோ தரநிலை இருந்தும் அதைக் கடைப்பிடிப்பது அவரவர் விருப்பம். இதையும் சேர்த்துச் சொன்னபோது செயலாளரே எழுந்து நாற்காலி போட்டார்.

அடுத்த ஆண்டு, ஊரடங்குக் காலம். இந்திய தர நிர்ணய அமைவனம், குழாய்க் குடிநீர் விநியோகத்துக்கு ஒரு வரைவுத் தரநிலை தயாரித்துக் கருத்து கேட்டது. ஆற்றிலிருந்து வீட்டுக் குழாய் வரை எப்படிக் கொண்டு வரவேண்டும், சுத்திகரிப்பு நிலையத்தில் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, நீர்த்தேக்கத் தொட்டியில் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை மாதிரி எடுக்கவேண்டும் என்றெல்லாம் போட்டிருந்தது. சுத்திகரித்த தண்ணீர் ஐஎஸ் 10500 சொல்லும் தரத்தில் இருக்கவேண்டுமாம். நம் குடியிருப்பின் சார்பில் நானே கருத்து அனுப்புகிறேன் என்று அறிவித்தேன். யாரும் கேட்கவில்லை.

முதல் வேலையாக 10500-ஐ இறக்கி, கரைந்த உப்பின் வரிசைக்கு ஓடினேன். ஒரு கட்டத்தில் 500, பக்கத்துக் கட்டத்தில் 2000. எங்கள் போர் தண்ணீர் 1400. அன்று மாலையே மொட்டை மாடிக் கூட்டத்தில், “2000 வரைக்கும் அனுமதி இருக்கு. நம்ம தண்ணியைத் தாராளமா குடிக்கலாம். கேன் செலவு வீண்” என்று முழங்கிவிட்டேன்.

மூன்றாம் மாடியில் ஒரு ஓய்வு பெற்ற கெமிஸ்ட்ரி டீச்சர். செல்போனை மூக்குக்கு அருகில் பிடித்து அதே அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, அந்த 2000-க்கு மேலே தலைப்புல என்ன போட்டிருக்குன்னு படிச்சீங்களா?”

படிக்கவில்லை. ‘மாற்று ஆதாரம் இல்லாத நிலையில்’ என்று போட்டிருந்தது.

“வாசல்ல லாரி நிக்குது. கேன்காரர் தினம் வர்றார். அப்போ இது ரெண்டும் என்ன?”

மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தேன்.

அந்த இரண்டாவது கட்டத்தை நிதானமாகப் பார்த்தது அதற்கப்புறம்தான். நைட்ரேட் 45 மில்லி கிராம், தளர்வே கிடையாது. ஈ.கோலை 100 மில்லியில் ஒன்றுகூடத் தென்படக் கூடாது. ஆனால் ஃபுளோரைடு 1. வேறு வழி இல்லையென்றால் 1.5. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை, முற்றினால் எலும்பு வளைவு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் காவிரித் தண்ணீரைக் கொண்டு வரும்வரை அங்கே எத்தனையோ கிராமங்களுக்கு மாற்று ஆதாரம் என்பதே பேச்சில் இல்லை. எனக்கு 500-க்கும் 2000-க்கும் நடுவில் ஒரு கேன்காரர் நிற்கிறார். அவர்களுக்கு யார் நின்றார்கள்?

சரி, ஆதாரத்தோடு எழுதுவோம் என்று தண்ணீரைப் பரிசோதனைக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த பெண் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“சார், இதுல முன்னாடி என்ன இருந்துச்சு?”

“பன்னீர் சோடா. நல்லா கழுவிட்டேன்.”

“எதுல கழுவினீங்க?”

இதே தண்ணீரில்தான். கிருமிப் பரிசோதனைக்கு ஸ்டெரிலைஸ் செய்த பாட்டிலை அவர்களே தருவார்களாம். குழாய் வாயைச் சூடு காட்டித் துடைத்து, கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட்டு, பாட்டிலின் உள்ளே கை படாமல் பிடித்து, ஐஸ் வைத்து அன்றைக்கே கொண்டு வரவேண்டும். எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். திரும்பப் போகவில்லை.

கடைசியில் படிவம். பொதுமக்கள் கருத்து என்றால் ஒரு பக்கம் வெற்றுத் தாள் கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். எந்தப் பிரிவு, எந்தப் பத்தி, கருத்து பொதுவானதா தொழில்நுட்பமா மொழித்திருத்தமா, காரணம் என்ன, அதற்குப் பதில் எந்த வாசகம் வேண்டும் என்று கட்டம் கட்டிக் கேட்டிருந்தார்கள். விடையை மட்டும் எழுதிப் பழகியவனிடம் வழிமுறை கேட்ட கணக்குப் பரீட்சை மாதிரி இருந்தது. குடியிருப்பு வாட்ஸ்அப்பில் கருத்து கேட்டேன். ‘நல்ல தண்ணி வரணும்’ என்று ஒருவர், கும்பிடு போடும் கைகள் சிலர், தன் கார் மேல் ஏசித் தண்ணீர் சொட்டுகிறது என்று ஒருவர். ஏசித் தண்ணீருக்குப் பிரிவு எண் தேடிப் பார்த்தேன்.

டீச்சர் மட்டும் கேட்டார்: “மாற்று ஆதாரம்னா எது, அதை யார் முடிவு பண்றதுன்னு எழுதலாமே? காசு கொடுத்து வாங்குற கேனும் அதுல சேர்த்தியா?” இதைவிடச் சரியான கேள்வி எனக்குத் தோன்றியிருக்காது. எழுதுகிறேன் மேடம் என்றேன். என்னுடைய பதிலாக இருக்கவேண்டும் என்ற அற்ப ஆசையில் வாசகத்தை மாற்றி மாற்றி எழுதினேன். முகவுரைபோல என் மீட்டரைப் பற்றி ஒரு பத்தியும் சேர்த்தேன். எல்லாம் முடித்து அனுப்பப் போகும்போதுதான் தேதியைப் பார்த்தேன். கெடு தாண்டியிருந்தது. டீச்சரிடம், “பரிசீலனையில் இருக்கு” என்றேன்.

அதே ஆண்டு ஐஎஸ் 17482 என்ற எண்ணோடு தரநிலை வெளியாகிவிட்டது. இறக்கி வைத்திருக்கிறேன். கருத்து சொல்லவேண்டிய அவசரம் இல்லாததால் இப்போது நிதானமாகப் படிக்கலாம். முன்னுரை வரை வந்திருக்கிறேன்.