நான்கு பேருக்கு ஒரு வீடு

போன ஞாயிற்றுக்கிழமை மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டு ஓனர் அம்மா என் ஜெராக்ஸ் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தார். ஆதார், பான், பாஸ்போர்ட், பழைய ஓமான் ரெசிடென்ட் கார்டு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னார்: “சார், இதுல நாலு பேர் இருக்காங்க. நான் ஒரு ஃபேமிலிக்குத்தான் விடறதா இருக்கேன்.”

என் மனைவி அந்த இடத்தில் சிரித்தாள். அதைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பதினெட்டு வருஷம் மஸ்கட்டில் இருந்துவிட்டு வந்தவன் நான். வந்து மூன்று மாதம் ஆகிறது. இன்னும் தங்கை வீட்டு ஹால் சோபாவில்தான் படுக்கை. வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் விமானத்திலிருந்து இறங்கியதும் முதலில் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியம் இருக்கிறது. அதைச் செய்திருந்தால் எனக்கு இத்தனை அலைச்சல் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன்னால் இனிஷியலைப் பற்றி இரண்டு வார்த்தை.

என் இனிஷியல் பி.கே. ‘பி’ என்றால் பண்ருட்டி, ‘கே’ என்றால் அப்பா. என் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அச்சில் ஒரு புள்ளி விட்டுப்போனால் ஐந்தாவதாக ஒரு ஆள் பிறந்துவிடுவான். அவனுக்கும் நான்தான் வீடு பார்க்க வேண்டியிருக்கும்.

பண்ருட்டியில் இருந்தவரை இந்த இரண்டு எழுத்தும் எனக்கு ஒரு தொந்தரவும் தரவில்லை. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதியை விட்டுவிடச் சொன்னார்கள். எங்கள் தாத்தா விட்டார். நல்ல காரியம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் அவர் காலி செய்த அந்த இடத்தில் எதிர்காலத்தில் ஒரு கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்துகொண்டு, ‘சர்நேம் கட்டாயம்’ என்று சிவப்பு எழுத்தில் மிரட்டும் என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

பாஸ்போர்ட்டுக்கு மனு எழுதிக் கொடுத்த ஏஜென்ட் ஒரு விநாடி யோசித்துவிட்டு, சர்நேம் கட்டத்தில் பண்ருட்டியையும் அப்பாவையும் சேர்த்துப் போட்டுவிட்டார். என்னை ‘கிவன் நேம்’ கட்டத்தில் தனியாக உட்கார வைத்தார். அத்தோடு என் சொந்த வாழ்க்கை முடிந்தது. மஸ்கட் ஆபீஸில் முதல் நாளே நான் மிஸ்டர் பண்ருட்டி. அரபு நாக்குக்குப் பண்ருட்டி வராததால் அடுத்த வாரத்திலிருந்து மிஸ்டர் பன்ரூதி. பலாப்பழத்துக்கும் முந்திரிக்கும் பேர்போன ஓர் ஊர், பதினெட்டு வருஷம் அங்கே டெலிபோன் எடுத்துப் பேசியது.

ரெசிடென்ட் கார்டில் இடம் போதவில்லையோ என்னவோ, கடைசிச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கடைசிச் சொல் அப்பா. அப்பா 1998-லேயே போய்விட்டார். உயிரோடு இருந்த காலத்தில் விழுப்புரம் ஜங்ஷனைத் தாண்டியது இரண்டு தடவை. இரண்டும் கண் ஆபரேஷனுக்கு. அப்பேர்ப்பட்டவருக்கு ஓமானில் டிரைவிங் லைசென்ஸ் இருந்தது, பேங்க் அக்கவுன்ட் இருந்தது, ஜிம்மில் அரை வருஷ மெம்பர்ஷிப் இருந்தது. ஒரு தடவை ஓவர்ஸ்பீடுக்கு அபராதம்கூடக் கட்டினார். மாட்டு வண்டியையே மெதுவாக ஓட்டுகிறார் என்று அம்மாவிடம் திட்டு வாங்கியவர்.

மனைவி விஷயம் இன்னும் மோசம். அவள் பாஸ்போர்ட்டில் சர்நேம் நான். என் பாஸ்போர்ட்டில் சர்நேம் பண்ருட்டியும் அப்பாவும். குடும்ப விசாவுக்குப் போனபோது கவுன்ட்டரில் இருந்தவர் இரண்டையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஓர் ஆணுக்கு இன்னோர் ஆண் துக்கம் விசாரிக்கும் தொனியில், “இந்த அம்மா வேறொருவர் மனைவி போல இருக்கிறதே, உங்களுக்குத் தெரியுமா?” என்றார். அந்த வேறொருவர் நான்தான் என்று நிரூபிக்க மூன்று வாரம் ஆனது.

சரி, போகட்டும், வெளிநாடு. இங்கே வந்தால் நம்மூர்க்காரர்களுக்குப் புரியும் என்று நினைத்தேன். பான் கார்டு மனுவில் இனிஷியல் எழுதக்கூடாது, முழுசாக விரிக்க வேண்டும். விரித்தேன். ஆதாரில் விரிக்கச் சொல்லவில்லை, அங்கே பி.கே. முன்னால் நிற்கிறது. பழைய பி.எஃப். சீட்டில் பி.கே. பின்னால் நிற்கிறது. தம்பியின் ரேஷன் அட்டையில் நான் ‘ப.க.’ பெயரைத் தமிழில் எழுதினால் இனிஷியலும் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று 2021-ல் அரசாணையே வந்திருக்கிறது, அதுவும் நியாயம்தான். எல்லாருடைய நியாயமும் தனித்தனியே சரியாகத்தான் இருக்கிறது. நடுவில் நான்தான் தப்பு.

புள்ளியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. சில கம்ப்யூட்டர்கள் புள்ளியை ஏற்காது. புள்ளிக்குப் பதில் இடைவெளி விட்டால் சில ஏற்கும். இடைவெளியும் விடாமல் சேர்த்தடித்தால் ‘பிகே’ என்பது தனிப் பெயராகிவிடும். அப்படி ஓர் இடத்தில் நான் ஒரு வடநாட்டு சினிமாவின் பெயரைத் தாங்கி இருக்கிறேன். ஒரு கவுன்ட்டரில் இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “சார், உங்களுக்குப் புள்ளி உண்டா இல்லையா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.” ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனிதனிடம் கேட்கிற கேள்வியா இது? எந்த ஊர், எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். வேலை இன்னும் முடியவில்லை.

என்ன வேலை என்று கேட்பீர்கள். பென்ஷன். வளைகுடாவில் நம்மைப் போன்றவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. கணக்கை முடித்து ஒரு தொகையைக் கையில் கொடுத்து ஏர்போர்ட்டுக்கு வண்டி அனுப்புவார்கள். ஆனால் அதற்கு முன்னால், 1995 டிசம்பரிலிருந்து 2007 பிப்ரவரி வரை அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் இருந்தேன். ஊழியர் பென்ஷன் திட்டம் வந்ததே அந்த 1995 நவம்பரில்தான். பத்து வருஷம் வேலை பார்த்து, பணத்தை எடுக்காமல் விட்டவனுக்கு ஐம்பத்தெட்டு வயதிலிருந்து பென்ஷன் உண்டு. எவ்வளவு வரும் என்று சோபாவில் படுத்தபடி கணக்குப் போட்டேன். அந்தக் காலத்துச் சம்பள உச்சவரம்பு 6,500 ரூபாய். அதைப் பதினொரு வருஷத்தால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். மாதம் 1,021 ரூபாய், சில்லறை. குறைந்தபட்சப் பென்ஷனே 1,000 ரூபாய் என்று 2014-ல் ஆக்கிவிட்டார்கள். ஆக, பதினொரு வருஷம் ஷிஃப்டுக்கு ஓடியதில் மற்றவர்களைவிட நான் கூடுதலாகச் சம்பாதித்தது இருபத்தொரு ரூபாய். ஒரு ஃபில்டர் காபிக்கே அது போதாது.

இருந்தாலும் விடமாட்டேன். விட்டால் அது யாருக்குப் போகும்? இந்தக் கேள்விக்காகவே இதுவரை ஆட்டோவுக்கு மட்டும் 1,740 ரூபாய் செலவு.

பெயர் பொருந்தவில்லை என்றால் கம்பெனியும் நானும் கூட்டாகக் கையெழுத்துப் போட்டு ஒரு ஃபாரம் தர வேண்டும். கம்பெனியைத் தேடிப்போனேன். அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. என் லேத் மெஷின் நின்ற இடம் இப்போது பந்திக்கட்டு. உள்ளே போய், “பழைய மேனேஜரைப் பார்க்கணும்” என்றேன். சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து, “பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?” என்றார். எந்த வீடாவது கிடைத்தால் போதும் என்று சொல்ல வாய்வரை வந்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். வத்தக்குழம்பு நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வருவோம். வாடகைக்கு விடுகிறவர்கள் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்று தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மஸ்கட்டில் இருந்தபோது இதை வரி விடாமல் படித்து வைத்திருந்தேன். கோவிலம்பாக்கத்தில் ஒரு ஓனர் ஐயா பத்து மாத அட்வான்ஸ் கேட்டபோது, சட்டத்தை எடுத்துச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மிகுந்த ஆர்வத்தோடு முழுசாகக் கேட்டார். “அப்படியா சார்? நல்ல சட்டம்,” என்றார். பிறகு புரோக்கரைப் பார்த்து, “இவருக்குச் சட்டப்படி ஏதாவது வீடு இருந்தா பாத்துக் குடுப்பா,” என்றார்.

அந்தப் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கமிஷன். “சார் ஃபாரின் ரிட்டர்ன்” என்று அறிமுகம் செய்துவைப்பதற்காகத்தான் அது. அதைச் சொன்ன மாத்திரத்தில் இருபத்திரண்டாயிரம் இருபத்தாறாயிரமாகும். நான் காலரில்லாத சட்டையோடு, ரப்பர் செருப்போடு போய்ப் பார்த்தேன். “பணம் இருக்கறவங்கதான் சிம்பிளா இருப்பாங்க” என்று அதற்கும் இரண்டாயிரம் ஏறியது. அடுத்த கேள்வி தவறாமல் வரும்: “இத்தனை வருஷம் இருந்தீங்க, சொந்தமா ஒண்ணும் வாங்கலியா?” வாங்கினேன் அம்மா. பண்ருட்டியில் மூன்று பெட்ரூம், மொசைக் இல்லை, கிரானைட். பேரன் சென்னையில் பிறந்துவிட்டான். அந்த வீட்டில் இப்போது தேள் வாடகையில்லாமல் குடியிருக்கிறது. அதனிடம் யாரும் ஆதார் கேட்கவில்லை.

நான் என்ன ஆளாகத்தான் இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ள ஆடிட்டரிடம் போனேன். வருமான வரிச் சட்டம் என்னைக் கைவிடவில்லை. கடந்த ஏழு வருஷத்தில் இங்கே நான் தங்கிய நாட்களைக் கூட்டினால் 729-க்கு வெகு கீழே. அதனால் நான் ஆர்.என்.ஓ.ஆர்.: இங்கே குடியிருப்பவன்தான், ஆனால் சாதாரணமாகக் குடியிருப்பவன் அல்ல. வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையிடம் சொன்னேன். தங்கை புருஷன், நல்ல மனிதர், இந்த மூன்று மாதமாக அந்த சோபாவில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்க முடியாதவர். “அது எனக்கு முதல் வாரமே தெரியும், மச்சான்” என்றார்.

இத்தனைக்கும் நடுவில் எனக்கு உதவி செய்த ஒரே மனிதரை நான் பார்த்ததே இல்லை. 2012-ல் லீவில் வந்தபோது ஆதார் எடுத்தேன்; அப்போது கொடுத்த செல் நம்பரை ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் அது செத்து, மறுபிறவி எடுத்து, கோவில்பட்டியில் ஒருவரிடம் போயிருக்கிறது. எனக்கு வருகிற ஓ.டி.பி. எல்லாம் அவருக்குத்தான் போகும். தயங்கித் தயங்கி ஃபோன் செய்தேன். “நீங்கதானா அண்ணாச்சி அது!” என்று அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு. “நாலு வருஷமா ஒங்களத் தேடுதேன். ஒங்க பாலிசி போன மாசமே முடிஞ்சுட்டு, கட்டலியா? பேங்க்ல கே.ஒய்.சி. கேக்கான், ஒரு எட்டுப் போயிட்டு வந்துருங்க.” என் கணக்குவழக்கு என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிகிறது. என்ன பெயரில் வருகிறது மெசேஜ் என்று கேட்டேன். “ஒவ்வொண்ணு ஒவ்வொரு பேர்ல வருது. நீங்க கூட்டுக் குடும்பம்னு நெனச்சேன்” என்றார்.

நம்பரை மாற்றிவிடலாம் என்று ஆதார் மையத்துக்குப் போனேன். மாற்றித் தருகிறோம், பெயரையும் சரிசெய்கிறோம், விலாசத்தையும் இப்போதே புதுப்பித்துவிடுங்கள் என்றார்கள். விலாசத்துக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். வாடகை ஒப்பந்தத்துக்கு வீடு வேண்டும். வீட்டுக்கு, மடிப்பாக்கம் அம்மாவுக்கு, ஒரே பெயரில் ஆதார் வேண்டும்.

அந்த முதலில் செய்ய வேண்டிய காரியத்தைச் சொல்வதாக இருந்தேன் அல்லவா? இருங்கள், நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எல்லாப் பெயரும் ஒருவனே என்று நோட்டரியிடம் சத்தியம் செய்து வாங்கிவிட்டால் போதும், ‘ஒன் அண்ட் சேம்’ என்று கேட்டாலே தருவார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். சொன்ன வேகத்தைப் பார்த்தால் அவருக்கு ஏதோ மேட்ச் இருந்திருக்க வேண்டும். கோர்ட்டுக்கு எதிரே மரத்தடி டைப்பிங் கடை. டைப் அடிக்கிற பெண்ணிடம் ஆறு காகிதத்தையும் கொடுத்து, ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாக, புள்ளி புள்ளியாகச் சொன்னேன். அடித்தாள். வக்கீல் முத்திரை குத்தினார். பணம் கொடுத்தேன். வெளியே வந்து, கரும்பு ஜூஸ் வண்டிப் பக்கத்தில் நின்று, நிதானமாகப் படித்தேன். மேற்கண்ட ஆறு பெயர்களும் அடியிற்கண்ட ஒரே நபரையே குறிக்கும் என்று அழகாக இருந்தது. அடியில் கண்ட நபருடைய ஊருக்கு மட்டும் மூன்று சுழி ‘ண’வுக்குப் பதில் இரண்டு சுழி ‘ன’ போட்டிருந்தாள். பன்ருட்டி.

திரும்பப் போய்க் காட்டினேன். அந்தப் பெண் பதறவே இல்லை.

“அதுக்குத் தனியா இன்னொரு அஃபிடவிட் போட்டுக்கலாம் சார். கூட்டமா இருக்கு, டோக்கன் எடுத்துட்டு உக்காருங்க. டோக்கன் எந்தப் பேர்ல போடட்டும்?”