பரண் இயல்

தரையை நம்ப முடியாதவர்கள் கண்ட அமைப்பு பரண். தினைப்புனத்தில் நான்கு கால் நட்டு உயரத்தில் கட்டிய அதைச் சங்கப் பாடல்கள் இதண் என்றும் இதணம் என்றும் சொல்லும். பகலில் கிளி விரட்டும் பெண் அதில் இருந்தாள். இரவில் யானைக்கும் பன்றிக்கும் காவல் இருந்தவர்களுக்கும் அதுவே இடம். மலையடிவாரக் காடுகளில் இன்றும் பரண் காவல் உண்டு. வீட்டுக்குள் வந்தபோது அது அடுப்புக்கு மேலே ஏறிக்கொண்டது. விதையும் புளிப்பானையும் அங்கே போயின. புகை படும் இடத்தில் பூச்சி அண்டாது. போனால் திரும்பக் கிடைக்காததை மேலே வை என்பதுதான் பரணின் முதல் விதி.

கான்கிரீட் வீட்டில் பரணுக்கு லாஃப்ட் என்று பெயர் மாறியது. ஏழடி உயரத்தில், இரண்டடி அகலத்தில் ஒரு சிமென்ட் பலகை. பெயரோடு விதியும் தலைகீழாக மாறிவிட்டது. தேவைப்படாததெல்லாம் மேலே போயிற்று. உயிர்நாடியான காகிதங்கள் பீரோவின் அடித்தட்டுக்கு இறங்கின. வெள்ளம் வரும் ஊரில் வாழ்கிறவர்கள் இதைத் திருத்திக்கொண்டே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

நாம் வீட்டைச் சதுர அடியில் அளந்து பழகியவர்கள். மழைக்காலத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. ஒரு டேப்பை எடுத்துத் தரையிலிருந்து மேல்நோக்கி அளந்து பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் கீழ் பிளக் பாயிண்ட் 30 செ.மீ. உயரத்தில் இருக்கும். கட்டில் 45, சமையல் மேடை 85, பரண் 210. இனி மழையின் கணக்கு. 24 மணி நேரத்தில் 20.4 செ.மீ.க்கு மேல் பெய்தால் அதை அதி கனமழை என்கிறது வானிலை ஆய்வுத் துறை. 2015 டிசம்பர் 1ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் பெய்தது 49 செ.மீ. அது கட்டில் உயரம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. அந்த நீர் எங்கும் ஓடாமல் பெய்த இடத்திலேயே நின்றிருந்தால்கூட மேடைமேல் இருக்கும் அடுப்பு நனைந்திருக்கும். ஆனால் தண்ணீர் பெய்த இடத்தில் நிற்பதில்லை. பள்ளம் தேடிப் போகும். ஏரி நிறைந்து ஆற்றில் திறந்தால் கரையோரத்துக்கு வரும். ஊரில் எத்தனை செ.மீ. பெய்தது என்பதைவிட, தெருவிலேயே நம் வாசல் எவ்வளவு தாழ்வு என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

2015இல் அடையாற்றை ஒட்டிய என் அத்தை வீட்டுக்கு, தண்ணீர் வடிந்ததும் சேறு அள்ளப் போனோம். பீரோ கதவு இறுகிப்போய், கடப்பாரை போட்டு நெம்பித்தான் திறந்தோம். அடித்தட்டில் இருந்த வீட்டுப் பத்திரம் ஊறிய அப்பளக் கட்டு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. அவசரப்பட்டுப் பிரித்ததில் முதல் இரண்டு தாள் கிழிந்துபோனது. ஈரக் காகிதத்தைப் பிரிக்கவே கூடாது, நிழலில் காற்றாட விட வேண்டும் என்று அன்றைக்குத்தான் கற்றோம். மொட்டை மாடிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட தாள்களில் பதிவு முத்திரையின் ஊதா மை வரி வரியாக இறங்கியிருந்தது. பேரனின் மார்க் ஷீட்டில் பெயர் மட்டும் மிஞ்சியது. அப்புறம் பரணைப் பார்த்தோம். எப்போதோ விற்றுவிட்ட டிவியின் அட்டைப்பெட்டி, தெர்மோகோலோடு, ஒரு பொட்டு ஈரமில்லாமல் இருந்தது. அத்தை அதைப் பார்த்துத்தான் அழுதார்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு தொலைந்த சான்றிதழ்களுக்கு நகல் தர அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. நல்ல காரியம். ஆனால் நகல் கேட்பவருக்குப் பத்திர எண், பதிவான ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர் எல்லாம் தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். ஒரு தாளில் இவற்றை எழுதி, பத்திரத்தின் ஜெராக்ஸோடு வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். அசலும் நகலும் ஒரே பீரோவில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே மூழ்கும்.

பரணில் என்ன இருக்க வேண்டும்? மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும். பத்திரம், பட்டா, ரேஷன் கார்டு, பாஸ்புக், சான்றிதழ்கள் எல்லாவற்றையும் இரட்டைக் கவரில் போட்டு அதில் வையுங்கள். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் பணம் இருக்கட்டும். கரண்ட் போனால் ஏடிஎம்மும் கிடையாது, கார்டு தேய்க்கும் மிஷினும் கிடையாது. டார்ச், இரண்டு வாரத்துக்கான பிரஷர் மாத்திரை, மருந்துச் சீட்டு. அடுப்பில்லாமல் சாப்பிட அவல், பொட்டுக்கடலை, வெல்லம். இன்சுலினை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள், பரண் சூடு ஆகாது. ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வையுங்கள். குடிநீரும் பரணுக்கு ஆகாது. ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று வைத்தால் நால்வருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர், அதாவது 48 கிலோ. அந்தப் பாரம் மேடைமேல் இருக்கட்டும். இன்வெர்ட்டர் பேட்டரியைத் தரையிலிருந்து ஸ்டாண்டில் தூக்குங்கள். பிளக் பாயிண்டைத் தண்ணீர் தொடும் முன்பே மெயினை அணைத்து, சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட வேண்டும்.

பரண் பொருளுக்கான இடம், ஆளுக்கானது கிடையாது. வெள்ளம் அந்த உயரத்தை எட்டும்வரை வீட்டில் யாரும் காத்திருக்கலாகாது. கிளம்பச் சொன்னால் வெளிச்சம் இருக்கும்போதே, வயதானவர்களை முதலில் அழைத்துக்கொண்டு, கிளம்பிவிட வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070. இரண்டையும் செல்போனில் மட்டும் வைக்காமல் சுவரில் எழுதி வையுங்கள். எழுபது வயது அம்மா தனியாக இருக்கும் வீட்டில் ஏழடி உயரப் பரணும் எட்டாத இடம்தான். அங்கே டப்பாவை இறக்கித் தர வேண்டிய பக்கத்து வீட்டுப் பிள்ளை யார் என்று இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் நாள் பார்க்க வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். அநேகமாக அதற்குச் சற்று முன்னால் நவராத்திரி வந்துவிடும். கொலு வைக்கும் வீட்டில் பொம்மைகள் இறங்கிப் பரண் காலியாக இருக்கும். மற்ற வீடுகளில் ஆயுத பூஜைக்கு எப்படியும் ஒட்டடை அடிப்பீர்கள். திரும்ப ஏற்றும்போது முதலில் அந்த டப்பாவை ஏற்றுங்கள். பொம்மைகள் அதற்குப் பக்கத்தில் இருக்கட்டும். டிவி அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுங்கள்.