பாழடைந்த வீடும் பங்காளிப் பெருக்கமும்: சேலம் குகைப் பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

சுவர் குறையக் குறையப் பங்காளிகள் பெருகுவர். இக்கட்டுரை நிறுவ முனையும் விதி இதுவே. குகை, அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய வீடு வாங்கிப் புதுப்பிக்கும் ஆசை பிடித்த எவருக்கும் இது தெரியும். அட்வான்ஸ் கொடுத்த பிறகு தெரியும்.

முதலில் ஆய்வுப் பொருள். இருபுறமும் அடுத்த வீட்டோடு ஒட்டிக்கொண்டு, தெருவில் குறுகி, பொடக்காலி வரை நீண்டு கிடக்கும் ஓட்டு வீடு அது. நீளத்துக்குக் காரணம் பாவு. வெண்பட்டு வேட்டி நெய்த குடும்பங்களில் தறிக்கும் பாவுக்கும் இடம் ஒதுக்கிய பிறகு, மிச்சத்தில் மனிதர்கள் படுத்துக்கொண்டார்கள். அந்தத் தறி நின்ற கூடத்தில் இன்றும் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி இருக்கும். புரோக்கர் அதைத் தானியக் குழி என்பார். வாஸ்துக்காரர் தென்மேற்கில் பள்ளம் ஆகாது என்று எழுந்து நிற்பார். வாங்குபவரின் மாமனார் மட்டும் பேசாமல் குனிந்து மண்ணைக் கிளறிப் பார்ப்பார். நெசவாளி காலை உள்ளே தொங்கவிட்டு மிதி மிதித்த இடம் அது என்று எதிர்த்திண்ணைப் பாட்டி சொல்லிவிடுவார். அவரை யாரும் கேட்பதில்லை.

இனி விதி இயங்கும் விதம். பாட்டன் கட்டிய ஒரு வீட்டை மகன்கள் அறையறையாகப் பாகம் பிரிக்கிறார்கள். ஒருவருக்குத் திண்ணையும் கூடமும், இன்னொருவருக்கு அடுப்படி, மூன்றாமவருக்குப் பொடக்காலியும் நடைபாதை உரிமையும். ஒருநாள் கூரையில் ஒரு மங்களூர் ஓடு நழுவுகிறது. மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் சூளை போட்டுத் தொடங்கிய அந்த ஓட்டை மாற்ற ஒரு ஆளும் ஓர் ஏணியும் போதும். ஆனால் தம்பி பாகத்து ஓட்டுக்கு அண்ணன் ஏன் செலவழிக்க வேண்டும்? மழை மண்சுவரில் இறங்குகிறது. சுவர் சரிவதற்குள் பேரப்பிள்ளைகள் பிறந்துவிடுகிறார்கள். ஆகவே சுவர் வீழ்ச்சியும் பங்காளிப் பெருக்கமும் தற்செயலாகச் சேர்ந்தவை அல்ல; இரண்டுக்கும் வேர் அந்த ஒற்றை ஓடு.

சட்டம் இதில் சில படலங்களைச் சேர்த்தது. தமிழ்நாட்டின் 1989ஆம் ஆண்டுத் திருத்தம் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு தந்தது. அதற்கு முன்பே மணமாகிப் போனவர்களை மட்டும் விட்டுவிட்டது. 2005இல் வந்த மத்தியச் சட்டம் அவர்களையும் உள்ளே அழைத்தது. அந்த ஆண்டில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பல காலம் கழித்தாவது வந்த நியாயம். ஆனால் வீடு வாங்குபவர் அத்தைகளைத் தேடி ராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்தி வேலூர் என்று பஸ் ஏறுகிறார். ஒவ்வொரு ஊரிலும் காபியும், இன்னோர் அத்தையின் முகவரியும் கிடைக்கும்.

பூச்சு வேலை பற்றிச் சிறு குறிப்பு. பழைய சுவரின் பூச்சு சுண்ணாம்பு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் அரைத்தது. ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். சங்ககிரியில் 1963இல் சிமென்ட் ஆலை வந்தபின் இம்மாவட்டக் கொத்தனார்களின் கை மாறிவிட்டது. மண்சுவர் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கி, சில வருடங்களில் பூச்சு பத்தை பத்தையாக உரிகிறது. செட்டிநாட்டு வழியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து வழவழப்பாக்கலாமே, கூப்பிடு தூரத்தில் நாமக்கல் இருக்கிறதே, எஸ்டிமேட் போடுமுன் அன்றைய முட்டை விலையைப் பார்த்தால் ஆயிற்று என்பது இவ்வாய்வாளரின் முன்மொழிவு. மேஸ்திரி ஏற்கவில்லை. "முட்டையச் செவுத்துக்குப் போட்டுட்டா சித்தாளுக்கு என்னங்க சார் போடறது?"

கிரையச் செலவை நீட்ட வேண்டாம்: முத்திரைத் தீர்வை முதல் பதிவுக் கட்டணம் வரை நூற்றுக்கு ஒன்பது. "கட்டடத்துக்குக் காசே போடலைங்க, மனைக்கு மட்டும்தான் விலை" என்று புரோக்கர் சொல்வது உண்மையே. அந்தக் கட்டடத்தை அப்புறப்படுத்தும் டிராக்டர் வாடகையை அவர் சொல்வதில்லை. இடிக்காமல் புதுப்பிக்கப் போகிறேன் என்றால் தெருவே பரிதாபமாகப் பார்க்கும். மேஸ்திரியின் கணிப்பும் ஒரே வரிதான்: "ஒன்னத் தொட்டா இன்னொன்னு வருங்க."

விதியின்படி, சுவர்கள் எல்லாம் எழுந்து நின்றதும் பங்காளிகளின் எண்ணிக்கை பூஜ்ஜியத்தை எட்ட வேண்டும். எல்லாரும் கையெழுத்துப் போட்டுப் பணமும் வாங்கியாயிற்று அல்லவா? இங்கேதான் விதி முறிகிறது. குடிபோகும் அன்று, அழைத்தவர்கள் வருமுன்பே, அத்தைகளும் அவர்களின் பேத்திகளும் வேன் வைத்து வந்து இறங்குகிறார்கள். கண்ணாடி போட்டு மூடிய தறிக்குழியைச் சுற்றி நின்று படம் எடுக்கிறார்கள். பெரிய அத்தை கூடத்தின் நடுவில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து, "எங்க வீட்ல அடுப்படி இந்தப் பக்கம் இருக்காதே, யாரு மாத்துனது?" என்று கேட்கிறார். மாற்றியவர் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருக்கிறார்.