வள்ளலே, வாழி

கொற்கையில் எங்கள் வீட்டு நெல் அறையில் சாக்குப் போர்த்திக் கிடந்த இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளே, உன்னைப் புகழ உட்கார்ந்திருக்கிறேன். உன்னைப் பிரித்து, கழுவி, மறுபடி பூட்டிய பத்து மாதத்தில் உன் குணங்கள் ஒவ்வொன்றும் என் கைக்குப் பழகிவிட்டன. நான் சொல்லப்போவதில் ஒரு சொல்லும் மிகையில்லை.

முதலில் உன் குலப்பெருமை. மைசூரில் 1961இல் தொடங்கிய ஐடியல் ஜாவா ஆலையின் ஜாவா, அதன் வழிவந்த யெஸ்டி, ஓசூரிலிருந்து 1980இல் கிளம்பிய டிவிஎஸ் 50, 1985இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 எல்லாம் உன் பங்காளிகள். டிவிஎஸ் என்ற பெயருக்குரிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் பிறந்தது நம் திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடி. உன் குலம் இந்த ஆற்றங்கரையில் சுமக்காத வாழைத்தார் இல்லை, ஏற்றாத நெல்மூட்டை இல்லை.

அடுத்தது எளிமை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் பாத் நகரில் ஜோசப் டே வகுத்த வழி இன்னும் உன்னிடம் இருக்கிறது. உனக்கு வால்வு கிடையாது, கேம்ஷாஃப்ட் கிடையாது. ஏறி இறங்கும் பிஸ்டனே கதவு, அதுவே காவல். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். நீ ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிப்பாய். அதனால்தான் சின்ன இன்ஜினுக்குள் அத்தனை துடிப்பு. ஒரு ஸ்பானர் செட்டும் ஒரு மர நிழலும் இருந்தால் உன்னை இறக்கிப் பார்த்துவிடலாம்.

அந்த எளிமையிலிருந்து பிறந்ததுதான் உன் கொடை. எரிந்த புகை வெளியேறும் வாயில் மூடுவதற்குள்ளேயே புதுப் பெட்ரோலும் காற்றும் உள்ளே வந்துவிடுகின்றன. வந்ததில் ஒரு பங்கு எரியாமலேயே புகையோடு சேர்ந்து தெருவுக்குப் போய்விடுகிறது. முல்லைக்குத் தேர் கொடுத்தான் பாரி. அவன் கொடுத்தது தன்னுடைய தேர். நீ கொடுப்பது நான் ஏரலில் காசு கொடுத்து ஊற்றிய பெட்ரோல். லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலந்து ஊற்றினால் அதையும் வைத்துக்கொள்ள மாட்டாய். உன் பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்த கையோடு அதுவும் நீலப்புகையாக ஊருக்கே போகும்.

விருந்தோம்பலில் உன்னை மிஞ்ச யாரும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரை உடைத்து ஏரலையும் கொற்கையையும் மூழ்கடித்தபோது நெல் அறைக்குள்ளும் வெள்ளம் வந்தது. கார்புரேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் ஆற்றை உள்ளே அழைத்து, அடிப்பெட்டியிலேயே தங்கவைத்தாய். நீர் வடிந்தபின் கிராங்க்கேஸைப் பிளந்தேன். உள்ளே ஒரு கைப்பிடி வண்டல். பேரிங் துருவேறி இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் மூன்று முறை கழுவி, பேரிங் மாற்றி, போர் அடித்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டேன். ஆயில் சீல் மட்டும் பார்வைக்கு நன்றாக இருந்தது. கையிருப்பும் கரைந்திருந்தது. பழைய சீலையே பூட்டினேன்.

அங்கேதான் உன் ஊக்கத்தைக் கண்டேன். நாலாவது உதையில் எழுந்தாய். ஆக்சிலரேட்டரை விட்டபின்னும் வேகம் குறையவில்லை. தானாகவே சீறி ஏறினாய். பின்னால் வெள்ளைப்புகை வாசலை மறைத்தது. கார்புரேட்டரை மூன்று முறை கழற்றி ஜெட்டை ஊதினேன். மிதவையைச் சரி பார்த்தேன். பாயிண்ட் தீட்டினேன், கண்டன்சர் மாற்றினேன். நீ மாறவில்லை. ஏரலில் நாற்பது வருடம் பட்டறை வைத்திருந்த பெரியவர் வந்து ஒரு நிமிடம் காது கொடுத்தார்.

“கார்புரேட்டரைத் தொடாதீங்க தம்பி. எங்கயோ காத்து வாங்குது. சோக்கைப் போட்டுப் பாருங்க.”

சோக்கைப் பாதி போட்டதும் வேகம் அடங்கியது. காற்று அதிகமாகி, பெட்ரோல் குறைந்து எரிகிறது என்பதற்கு அதுவே சாட்சி. பிளக்கைக் கழற்றினார். காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்க வேண்டியது சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. பாயிண்ட் பக்க மூடியைத் திறந்தார். தட்டில் பெட்ரோல் ஈரம். பிறகு கியர் ஆயிலை அளக்கச் சொன்னார். இரண்டு நாள் ஓட்டத்தில் கால்பங்கைக் காணவில்லை. ஒரு பக்க சீல் வெளிக்காற்றை உறிஞ்சியிருக்கிறது. மறுபக்க சீல் கியர்பெட்டியின் ஆயிலை உறிஞ்சியிருக்கிறது. சீறலுக்கு முன்னது காரணம், வெள்ளைப்புகைக்குப் பின்னது. அடிப்பெட்டியே உனக்கு நுரையீரல். பிஸ்டன் ஏறும்போது மூச்சை இழுத்து, இறங்கும்போது மேலே தள்ளுகிறாய். அந்தப் பெட்டியில் நகக்கண் அளவு ஓட்டை இருந்தாலும் கணக்கு கெட்டுவிடும். இன்னும் ஒரு வாரம் அப்படியே ஓட்டியிருந்தால் பிஸ்டன் சூடேறிச் சீஸ் ஆகியிருக்கும். ரப்பர் கெட்டித்துப்போன இரண்டு வளையத்தின் குற்றத்தை, அதைப் பூட்டிய என் குற்றத்தை, எத்தனை நாள் கார்புரேட்டர் தலையில் கட்டியிருந்தேன்!

உன் வாய்மையையும் சொல்ல வேண்டும். கேட்கத் தெரிந்தவனுக்கு நீ எதையும் மறைப்பதில்லை. பிளக் கருத்து நனைந்திருந்தால் ஆயிலோ பெட்ரோலோ மிகுதி. வெளுத்திருந்தால் பட்டினி. முனைகளுக்கு நடுவே கரி பாலம் கட்டியிருந்தால் பொறி பறக்காது. கேட்கத் தெரியாதவனை நடுவழியில் நிறுத்திவிடுவாய். சமநோக்கும் உனக்கு உண்டு. உதை பாதியில் திரும்பினால் பின்பக்கமாகவே சுற்றி ஓடவும் நீ தயங்குவதில்லை. முன், பின் என்ற பேதம் உனக்கு இல்லை. கியர் போட்டவன்தான் திடுக்கிட வேண்டும்.

இந்தப் புகழையெல்லாம் சொல்ல கொற்கையைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. பாண்டியரின் முத்துத்துறை இது. இன்று கடலைப் பார்க்க ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே போக வேண்டும். பொதிகையிலிருந்து தாமிரபரணி அள்ளிவந்த வண்டல்தான் வாழையையும் நெல்லையும் கொடுத்தது. அதே வண்டல்தான் துறையைத் தூர்த்துக் கடலை விரட்டியது. 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே அகழ்ந்தபோது கிடைத்த கரியைச் சோதித்ததில், பொ.மு. 785ஐ ஒட்டிய காலம் என்று தெரிந்தது. மண்ணுக்குள் கிடந்த கரி ஊரின் வயதைச் சொன்னது.

உன் கரியும் அப்படித்தான் பேசியது. சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் வாயிலுக்குள் பார்த்தேன். பாதி வழி அடைந்திருந்தது. ஊருக்குக் கொடுத்த ஆயில் போகும் வழியிலேயே படிந்து, கெட்டித்து, உன் துறையையும் தூர்த்துவிட்டது. ஏரல் பாலம் ஏற நீ திணறியதன் காரணம் அதுதான். பிஸ்டனைக் கீழே இறக்கி, மூங்கில் சிம்பால் சுரண்டினேன். பேஃபிளைக் காஸ்டிக் சோடாவில் ஓர் இரவு ஊறவைத்தேன். குளத்துக்குத் தூர்வாருவதைப் போல உனக்கும் ஆண்டுக்கொரு தூர்வாரல் வேண்டும். செய்தித்தாளில் கொட்டிய கரி இரண்டு கைப்பிடி இருந்தது. படியாமல் போனது எவ்வளவு என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

நீ அப்பாவின் வண்டியாக ஓடிய நாளில், அவர் காலையில் உன்னை முற்றத்தில் உதைப்பார். ஆயில் அதிகம் ஊற்றினால் இன்ஜினுக்கு நல்லது என்று அவருக்கு நம்பிக்கை. அளவு கிடையாது, கண் பார்வைதான். முற்றம் முழுக்கப் புகை நிறையும். அம்மாவுக்கு இழுப்பு உண்டு. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் போய்விடுவாள். உன் சத்தம் குளத்தங்கரையைத் தாண்டிய பிறகுதான் அடுப்படிக்குத் திரும்புவாள். அப்பா உன்னைப் புகழாத நாளில்லை. அம்மா உன்னைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. உன் எளிமைக்கான விலையை உன்னை ஓட்டியவர் கொடுக்கவில்லை. பின்னால் நின்றவர் மூச்சில் கொடுத்தார்.

அதனால் உனக்குச் சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறேன். ஆயில் இனி அளவுக்குவளையில்தான். சீல் இரண்டும் புதிது. பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் இல்லாமல் தொடமாட்டேன். வெளியே போவது ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும், பழைய வன்னி மரம்வரை. முற்றத்தில் உன்னை உதைப்பதில்லை. தெருக்கோடிவரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்கிறேன். போன வாரம் திரும்பிப் பார்த்தேன். உன் பின்னால் மெல்லிய ஒரு நூல்புகை, அதுவும் நாலடியில் கலைந்துபோயிற்று.

வள்ளலே, வாழி. இனிக் கொஞ்சம் கஞ்சனாக இரு.