குறும்பொழுது ஆட்டங்கள்: ஓர் இலக்கண ஆராய்ச்சி

இலக்கண நூலார் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்துவைத்தனர். ஒன்றுக்குப் பத்து நாழிகை, நம் கணக்கில் நான்கு மணி நேரம். அவர்கள் சிறியது என்று நினைத்த இந்த அளவு இன்று பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு மட்டும்தான் பொருந்தும். ரயில்வே கேட் போட்டிருக்கும் நேரம், பரோட்டாவை பார்சல் கட்டித் தரும் நேரம், ஸ்கேன் சென்டரில் நமக்கு முன்னால் இரண்டு டோக்கன் பாக்கியிருக்கும் நேரம் எல்லாம் 24 நிமிடம் கொண்ட ஒரே நாழிகைக்குள் முடிந்துவிடுகின்றன. இவற்றுக்கு இலக்கணத்தில் இடமில்லாத குறை நீங்க, குறும்பொழுது என்ற பெயரால் இக்கட்டுரை இவற்றை வழங்கும். குறும்பொழுதின் கருப்பொருள் செல்போன். உரிப்பொருள் இருத்தல், அதை முல்லைத் திணை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டதால், தலைவனுக்காகக் காத்திருக்கும் தலைவியும் டோக்கனுக்காகக் காத்திருப்பவரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான். இந்தப் பொழுதுக்கென்று நெட் இல்லாமல் ஓடும் ஆட்டங்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றுள் உயர்ந்தது எது என்று காண, படத்தின் பளபளப்பும் பின்னணி இசையும் உதவா. எதைப் பாதியில் விட்டு எழுந்தால் மனம் வலிக்கவில்லையோ அதுவே உயர்ந்தது. கைவிடத்தக்கமை என்னும் இந்த ஒரு குணமே உரைகல் என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் சான்று பாம்பு. 1997இல் நோக்கியா 6110 போனுக்காக டனேலி அர்மான்டோ எழுதிய ஆட்டம் அது. அகலத்தில் 84, உயரத்தில் 48 புள்ளிகள், அவ்வளவுதான் திரை. 2, 4, 6, 8 பொத்தான்கள்தான் திசைகள். இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. இரையைத் தின்னத் தின்னப் பாம்பு நீள்கிறது. நீளும் வாலே கடைசியில் தலைக்குச் சுவராக நிற்கிறது. திறமை கூடக் கூடச் சாவு நெருங்குகிறது என்பதால், எவ்வளவு கெட்டிக்காரரும் கேட் திறப்பதற்குள் செத்துவிடலாம். இரண்டாம் சான்று, 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் செய்த டெட்ரிஸ். அவருடைய எலெக்ட்ரோனிகா 60 கணினிக்குப் படம் வரையத் தெரியாது. அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டங்களைக் காட்டினார். இந்த ஆட்டத்தைப் பற்றி 1997இல் ஹெய்டி பர்கீல் என்ற கணித அறிஞர் ஒரு பேருண்மையை நிறுவினார். இசட் போன்ற துண்டும் அதன் கண்ணாடிப் பிம்பமும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தால், யார் ஆடினாலும் தோற்றே தீர வேண்டும். துண்டுகள் குருட்டாம்போக்கில் விழும் ஆட்டத்தில் அப்படியொரு வரிசை என்றாவது வரத்தான் செய்யும். தோல்வி கணிதத்தால் உறுதி செய்யப்பட்ட ஓர் ஆட்டத்தை விட்டு எழுவதில் யாருக்கு என்ன வெட்கம்?

இவை இரண்டையும் விஞ்சியது கூகுள் குரோமில் 2014இல் குடியேறிய டைனோசர். மற்ற ஆட்டங்கள் நெட் இல்லாவிட்டாலும் ஓடும். இதுவோ நெட் அற்றுப்போன பக்கத்தில்தான் பிறக்கிறது. கள்ளிச்செடி வந்தால் தாண்ட வேண்டும், பறக்கும் பல்லி வந்தால் குனியவோ தாண்டவோ வேண்டும், வேறு வித்தை தேவையில்லை. காசு சேர்ப்பதில்லை, கதை இல்லை, அடுத்த லெவல் இல்லை. 700 புள்ளி தாண்டினால் பகல் இரவாகும், அதுவே அதிகபட்ச நாடகம். முழுதாக ஆடி முடிக்க 1 கோடியே 70 லட்சம் ஆண்டு ஆகும்படி அமைத்திருப்பதாக அதைச் செய்தவர்களே வேடிக்கையாகச் சொன்னார்கள். ஆடி முடித்தவர் உலகில் இல்லை, இனி வரப்போவதும் இல்லை. ஆகவே 43 புள்ளியில் முட்டிக்கொண்டவரும் 4,300இல் முட்டிக்கொண்டவரும் ஒரே நிறை. இவ்வளவு சமத்துவம் ரேஷன் கடை வரிசையில்கூடக் கிடைப்பதில்லை.

அற்றேல், 2012 முதல் கோடிக்கணக்கானோர் ஆடிவரும் கேண்டி கிரஷும் நெட் இல்லாமல் ஓடுமே, அது உயர்ந்ததாகாதோ எனின், ஆகாது. அதில் உயிர் ஐந்து. போன உயிர் ஒன்று திரும்ப 30 நிமிடம். ஐந்தும் போனால் முழுதாக மீள இரண்டரை மணி, அதாவது ஆறேகால் நாழிகை. காத்திருக்கும் நேரத்தைப் போக்க வந்த ஆட்டம், நம்மையே காத்திருக்கச் சொல்கிறது. மருந்தே நோயைத் தரும் இவ்வகையைக் கடைநிலையில் வைப்பதே முறை. 2020 ஊரடங்கில் வீடு வீடாகப் புகுந்த லூடோ கிங்கைப் பொறுத்தவரை, கம்ப்யூட்டரோடு ஆடினால் குற்றமில்லை. மாமா பையனோடு ஆன்லைனில் ஆடும்போது மூன்று காய் பழமான நிலையில் டாக்டர் கூப்பிட்டுவிட்டால், அது அடுத்த கல்யாணம் வரை பேசப்படும்.

நம் முன்னோரின் ஆட்டங்கள் எல்லாமே நெட் இல்லாதவைதானே, 14 குழிப் பல்லாங்குழியும் மூன்று புலி பதினைந்து ஆட்டு ஆட்டமும் இருக்கச் செல்போன் எதற்கு என்று கேட்பார் உண்டு. கோயில் மண்டபத் தரையில் கோடு செதுக்கிவைத்தவர்கள் பொழுதுபோக்கின் அருமை அறிந்தவர்களே, ஐயமில்லை. ஆனால் அவற்றுக்கு எதிராளி வேண்டும், எதிராளிக்கு மானம் உண்டு. புலி மாட்டும் நேரத்தில் எழுந்து போகிறவரை எந்த ஊரிலும் சும்மா விடுவதில்லை. இயந்திர எதிராளி மட்டுமே கோபித்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கும். சுடோகு வேறு வகை. அதில் தோல்வி இல்லை, விட்ட இடத்தில் நிற்கும். குறைந்தது 17 எண்களாவது முன்பே தரப்பட்டால்தான் ஒரே விடை கிடைக்கும் என்று 2012இல் டப்ளினைச் சேர்ந்த குழு கணினியால் கண்டறிந்தது. எனினும் டோக்கன் கூப்பிட்ட பிறகும் அந்த 7 எங்கே போகும் என்று மூளை குடைந்துகொண்டிருப்பதால், இதற்கு இடைநிலைக்கு மேல் தர மனம் வரவில்லை.

செத்தவுடன் இன்னொரு தடவை என்று விரல் போகிறதே, இதில் எங்கே கைவிடத்தக்கமை என்பது வலுவான தடை. விரல் போவது உண்மை. ஆனால் ஒவ்வொரு சாவும் ஒரு நிறுத்தம், இறங்குகிறவர் இறங்கலாம். ரீல்ஸில் தோல்வி என்பதே கிடையாது, ஆதலால் இறங்கும் இடமும் கிடையாது. நிறுத்தத்தில் இறங்காதவர் குற்றத்தை வண்டிமேல் சுமத்துவது நியாயமாகாது.

ஆகவே வாசகர் செய்ய வேண்டிய சோதனை எளிது. ஏரோப்ளேன் மோடைப் போட்டுவிட்டு ஆட்டத்தைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லையென்றால் அழித்துவிடுங்கள். திறந்து, உங்கள் டோக்கன் எண்ணைக் கூப்பிடும்போது ‘ஒரு நிமிஷம்’ என்று சொல்ல வைத்தால், அதையும் அழித்துவிடுங்கள்.