உயிரளபெடை: வீடியோ பேட்டரிக்கு ஓர் இலக்கணம்

பென்னலூரில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் பேட்டரிக்கு இலக்கணம் எழுதினால் அதை அதிகப்பிரசங்கித்தனம் என்று தள்ளிவிட முடியாது. பக்கத்து ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் அவதரித்த தலம். அதே ஸ்ரீபெரும்புதூரில்தான் 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை கைபேசி செய்து குவித்தது. பாஷ்யமும் பேட்டரியும் எங்களுக்கு அடுத்தடுத்த தெரு. ஆகவே, இந்நூல் என்ன நுதலிற்றோ எனின், சிறிய வீடியோ கேமராவுக்கு நெடுநேரம் தாங்கும் உபரி பேட்டரி வாங்கும் முறை உணர்த்துதல் நுதலிற்று.

டப்பாவின் மேல் 'எக்ஸ்டெண்டட் லைஃப்' என்று அச்சடித்திருப்பார்கள். அதற்குத் தமிழ் தேடி அலைய வேண்டாம். ஒன்பதாம் வகுப்புத் தமிழையா பிரம்போடு சொல்லிக்கொடுத்த உயிரளபெடைதான் அது. குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, உயிரளபெடைக்கு 3 மாத்திரை என்று நன்னூலில் வகுத்தார் பவணந்தி முனிவர். சோனிக்காரர்கள் நன்னூல் படித்தார்களோ என்னவோ, அவர்களுடைய என்பி-எஃப் வரிசையைப் பாருங்கள். எஃப்570 என்பது 2200 மில்லி ஆம்பியர் மணி; எஃப்770 என்பது 4400; எஃப்970 என்பது 6600. குறில், நெடில், அளபெடை. கணக்கு பிசகவே இல்லை.

உள்ளே இருக்கும் உருளை செல்கள் முறையே 2, 4, 6. இரண்டு செல்லை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் 7.2 வோல்ட். அப்படிக் கோத்த ஜோடிகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துக்கொண்டே போனால் வோல்ட் அப்படியே நிற்கும், நேரம் மட்டும் கூடும். ஓசை நீள்கிறது, பொருள் மாறவில்லை. அளபெடைக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தக் கோனார் உரையிலும் கிடைக்காது.

உள்ளங்கையில் அடங்கும் ஹேண்டிகேமுக்கு எஃப்வி50, எஃப்வி70, எஃப்வி100 என்று வேறு குடும்பம். அங்கே மாத்திரை ஏறக்குறைய 1, 2, 4. நாலு மாத்திரைக்கு நன்னூலில் பெயர் கிடையாது. ஏன் என்பது எஃப்வி100ஐ மாட்டிய பிறகு விளங்கும். கேமரா பின்பக்கமாக மல்லாந்துவிடும். மூஞ்சூறு பிள்ளையாரைச் சுமக்கிறது என்பது புராணம். முதுகில் கட்டித் தொங்கவிட்டால் அதுவும் மல்லாந்துதான் போகும்.

அளபெடை, வாங்குகிறவர் மனத்தை ஒட்டி மூவகைப்படும்.

செய்யுளில் ஓசை குறையும்போது அதை நிறைக்க வருவது செய்யுளிசை அளபெடை. கல்யாண வீடியோக்காரர் வாங்குவது இது. என் நண்பரின் என்எக்ஸ்100 கேமராவோடு ஒருமுறை மணமேடை ஓரமாக நின்றிருந்தேன். திருமாங்கல்யத் தட்டு ஆசீர்வாதத்துக்குச் சுற்றி வந்துகொண்டிருந்தது. உதவிக்கு வந்த பையன் காதருகே வந்து, "அண்ணே, ஏழு நிமிஷம்தான் காட்டுது" என்றான். "திரை வெளிச்சத்தைக் குறைடா, வாயை மூடுடா" என்றார் நண்பர், கண்ணை எடுக்காமலே. தட்டு இன்னும் மூன்றாவது வரிசையில். பெரியப்பா ஒருவர் அட்சதை எடுக்க மூக்குக்கண்ணாடியைத் தேடினார். கெட்டிமேளம் கொட்டியபோது இரண்டு நிமிஷம் பாக்கி. ஓசை குறைவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஓசை குறையாவிட்டாலும் இனிமைக்காக நீட்டுவது இன்னிசை அளபெடை. பேரனின் பிறந்தநாள் கேக் வெட்டும் நாலு நிமிஷத்துக்கு எஃப்வி100 மாட்டி வரும் மாமாக்கள் இவ்வினத்தார். இவர்களைத் திருத்த முடியாது.

மூன்றாவது சொல்லிசை. நசை என்ற பெயர்ச்சொல் நசைஇ என்று நீண்டு வினையெச்சமாவதுபோல, பொருளே வேலையை மாற்றிக்கொள்வது. கேமரா பரணுக்குப் போன பிறகும் எஃப்970 சாவதில்லை. எல்இடி விளக்கின் முதுகில் ஏறிக்கொள்கிறது, மானிட்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. வாங்கிய காசுக்கு உண்மையான நியாயம் செய்வது இந்த வகைதான்.

விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். தோன்றல் என்பது பேட்டரிக்கு வயிறு தோன்றுவது. தோன்றினால் மறுபடி சார்ஜ் போடாதீர்கள். திரிதல், வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டுக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போவதால் வருவது. கெடுதலுக்கு எங்கள் வட்டாரமே சாட்சி. 2007 ஆகஸ்டில், மட்சுஷிடா செய்துகொடுத்த பிஎல்-5சி பேட்டரிகளில் 4.6 கோடியை மாற்றித் தருவதாக நோக்கியா அறிவித்தது. சார்ஜ் ஏறும்போது உள்ளே ஷார்ட் ஆகிச் சூடேறலாம் என்பது காரணம். பேட்டரியைக் கழற்றி அதன் முதுகில் இருந்த 26 எழுத்து எண்ணைப் படித்துப் பார்க்க வேண்டும். எழுத்திலக்கணம் அவ்வளவு பேருக்கு அவசரமாகத் தேவைப்பட்ட காலம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இனித் தேர்வு. என் கட்சி இது: ஓர் அளபெடையைவிட இரண்டு நெடில் மேல். அளபெடைக்குச் சார்ஜ் ஏறும் நேரமும் அளபெடுக்கும். ராத்திரி மின்சாரம் போனால் காலையில் மொத்தமும் கதை. நெடில் இரண்டில் ஒன்று மக்கர் செய்தாலும் தாலி கட்டும் காட்சிக்கு மற்றது இருக்கும். எஃப்970 வாங்கியே தீருவேன் என்கிறவர்கள் போலி அதிகாரத்தைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகட்டும்.

இலக்கணத்தில் போலி என்றால் எழுத்து மாறினாலும் பொருள் மாறாது. கடைத்தெருவில் எழுத்து மாறாது, பொருள்தான் மாறியிருக்கும். முதற்போலி என்பது கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்து இடம் மாறி நிற்பது. கண்ணாடி போட்டால் பிடித்துவிடலாம். கடைப்போலி, கடையே போலி. பில் கேட்டால் சிரிப்பார்கள். கொடியது இடைப்போலி. மேலே ஒட்டிய தாள் சரி, நடுவில் இருக்கும் செல் சரியில்லை. இதற்கு ஒரு கணக்கு உண்டு. இந்த உருளை செல் 18 மில்லிமீட்டர் பருமன், 65 மில்லிமீட்டர் நீளம். இந்த அளவில் நல்ல செல் ஒன்றின் உச்சம் சுமார் 3500. மூன்று ஜோடிக்கு 10500. அதற்கு மேல் எண் போட்டிருந்தால் அது உயர்வுநவிற்சி அணி.

இன்னொரு வழி தராசு. அசல் எஃப்970 சுமார் 300 கிராம். பாதி விலைக்கு வாங்கிய ஒன்றை நானும் நண்பரும் தெருமுனை மளிகைக் கடைக்கு எடுத்துப்போனோம். அண்ணாச்சி துவரம்பருப்பை இறக்கிவிட்டுத் தட்டில் அதை வைத்தார். 220 கிராம். ஆறு பேர் குடியிருக்க வேண்டிய வீட்டில் நாலே பேர். எவ்வளவு இருக்க வேண்டும் என்று அண்ணாச்சி கேட்டார். சொன்னோம். பேட்டரியைத் திருப்பிப் பார்த்தார், தாளில் இருந்த 8800 என்ற எண்ணை வாய்விட்டுப் படித்தார். பிறகு கை பழக்கமாகப் பின்னால் இருந்த சாக்கை நோக்கிப் போனது.

"80 கிராம் குறையுது தம்பி. வெல்லம் போட்டுச் சரிக்கட்டிரட்டுமா?"