ஓடினால்தான் வண்டி

கேள்வி: குற்றாலச் சாரலில் ஐம்பது வயது கடந்த காரை ஓட்டும் உரிமையைக் காக்க யாரிடம் முறையிடுவது?
– வாசகர், தென்காசி

பதில்: இயந்திர வாகனங்கள் அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில், அதாவது ஒன்றியமும் மாநிலமும் சட்டமியற்றத்தக்க பட்டியலில் இடம்பெற்றிருந்தாலும், பதிவு விதிகளை வகுப்பது ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் என்பதால், முதலில் தட்ட வேண்டிய கதவு நாடாளுமன்ற உறுப்பினருடையது; வாகன வரி மாநிலத்துக்குரியதாகையால், வரிச்சலுகை கோருவோர் சட்டமன்ற உறுப்பினரை நாட வேண்டும். 2021 ஜூலையில் அறிவிக்கப்பட்ட விதிகள், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து மூல உருவம் மாறாதிருக்கும் சொந்தப் பயன்பாட்டு இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளை ‘விண்டேஜ்’ வாகனம் என வரையறுத்து, 20,000 ரூபாய் கட்டணத்தில் பத்தாண்டுப் பதிவு வழங்கினாலும், கண்காட்சி, பேரணி, ஆய்வு, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே அவற்றைச் சாலையில் அனுமதிக்கின்றன. ஆனால் நெடுநாள் ஓடாத வண்டியில், பெட்ரோலைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பிசினாய்ப் படிவதும், ரப்பர் வளையங்கள் இறுகி வெடிப்பதும், சாரல் ஈரத்தில் தகடு துருவேறுவதும் இயல்பாதலால், மீட்டாத வீணையைப் போல அது காக்கப்படும்போதே கெடுகிறது. எனவே மனுவில் பழம்பெருமையைவிட, மாதத்தில் சில நாள் ஓட்டிப் பேணுவதற்கான தெளிவான அனுமதியே முதற்கோரிக்கையாக இருக்க வேண்டும்.